மெழுகில் பதிந்த குரல்கள்: வாசகர் கேள்விகளுக்கு விடை

கிராமபோன் காலத்துப் பாடகர்களைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பு வெளிவந்த ஒரு சிறு விடையைத் தொடர்ந்து பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்த முறை பகுதி முழுவதையும் இசைத்தட்டுகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

தென்னிந்தியாவில் முதன்முதலாக வெளிவந்த இசைத்தட்டுகளில் பெண்களின் பெயர்களே அதிகம் காணப்படுகின்றனவே! அந்நாளில் மேடையை ஆண்டவர்கள் ஆண் வித்துவான்கள் அல்லவா?
*ஒரு வாசகி, கும்பகோணம்*

மேடையை ஆண்டவர்கள் ஆண்கள் மட்டுமே என்பது பிற்காலத்து எழுத்துகள் நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோயில் உற்சவங்களுக்கும் செல்வர் வீட்டுத் திருமணங்களுக்கும் பாட அழைக்கப்பட்டவர்களில் தேவதாசி மரபில் வந்த பெண்களுக்குத் தனி இடம் இருந்தது. அவர்கள் முறையாகப் பயின்றவர்கள். பாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள். தங்கள் சன்மானத்தைத் தாங்களே பேசி முடித்துக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்து, இவ்வளவு பாட்டுக்கு இவ்வளவு தொகை என்று சொன்னபோது, அதை ஏற்பதா மறுப்பதா என்று யாரையும் கேட்டு முடிவு செய்ய வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

லண்டனில் 1898-இல் தொடங்கப்பட்ட கிராமபோன் கம்பெனி, பிரெடரிக் கெய்ஸ்பர்க் என்ற பதிவு வல்லுநரை 1902-இல் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அந்த நவம்பர் மாதத்தில் முதலில் பாடியவர்கள் நாடகக் கொட்டகையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர். அடுத்த சில நாள்களிலேயே புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான் பாடினார். கெய்ஸ்பர்க்குக்குப் பின் வந்த வல்லுநர்கள் சென்னைக்கு வந்து பதிவு செய்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான் நடந்தது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோரின் குரல்கள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன.

ஆண் வித்துவான்கள் தயங்கியதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இயந்திரத்தின் முன் பாடினால் குரல் போய்விடும், ஆயுள் குறையும் என்ற அச்சம் பரவலாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த அச்சத்தைக் காட்டிலும் வலுவானது மரியாதை பற்றிய கவலை என்று நான் நினைக்கிறேன். குருவின் காலடியில் பல ஆண்டுகள் இருந்து கற்ற கீர்த்தனம், யார் வேண்டுமானாலும் எந்த இடத்தில் வேண்டுமானாலும் சாவி கொடுத்துக் கேட்கும் சரக்காகிவிடும் என்பதையும், சீடனாக வராமலேயே ஒருவன் குரு வழியாக வந்த பாடும் முறையான பாடாந்தரத்தைத் திருடிக்கொண்டு போகலாம் என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்தக் கவலை பொருளற்றதன்று. ஆயினும் எல்லா ஆண்களும் விலகி நின்றுவிடவில்லை. பூச்சி ஐயங்கார் என்று அழைக்கப்பட்ட ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு, தட்டுக்குப் பாடியிருக்கிறார்.

பெண்களின் குரல் மெல்லிய உச்சக் குரல் என்பதால்தான் கம்பெனி அவர்களைத் தேடியது என்று எழுதுவோரும் உண்டு. பதிவுக் கருவிக்கு அத்தகைய குரல் இசைவாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதையே முதற்காரணமாக்கினால், அந்தப் பெண்கள் கற்றறிந்து பாடிய பாட்டையும் அவர்கள் துணிந்து எடுத்த முடிவையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம். நாகரத்தினம்மாள் 1910-இல் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்தவர். 1920களில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தம் சொந்தச் சொத்தைக் கொண்டு கோயில் எழுப்பியவர். அவரைக் கருவிக்கு ஏற்ற குரல் என்ற அளவில் நிறுத்திவிடுவது எப்படிப் பொருந்தும்?

கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்கிறார். இது விளம்பரமா, பெருமையா?
*ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

இரண்டும் அல்ல, தொழிற்சாலையின் தேவை. கல்கத்தாவில் பதிந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கேதான் அச்சு எடுத்து, விற்பனைக்குரிய தட்டுகளை வார்த்து, மீண்டும் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஹானோவரில் வேலை செய்தவர்களுக்கு இந்துஸ்தானியும் தெரியாது, தமிழும் தெரியாது. எந்த மெழுகில் யார் பாடியிருக்கிறார் என்று சரிபார்த்துச் சரியான சீட்டை ஒட்டுவதற்குப் பாடியவரே தம் பெயரைச் சொல்லிவிடுவது எளிய வழியாக இருந்தது. கல்கத்தாவின் சியால்தாவில் 1908-இல் தொழிற்சாலை தொடங்கப்பட்ட பிறகு தட்டுகள் இங்கேயே வார்க்கப்பட்டன. தேவை குறைந்தது, ஆனால் வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. கேட்பவர்களும் அதை விரும்பத் தொடங்கிவிட்டார்கள் போலும்.

கௌஹர் ஜானுக்கும் தென்னாட்டுக்கும் உள்ள தொடர்பையும் இங்கே சொல்லிவிடலாம். 1873-இல் ஆஸம்கரில் பிறந்த அவர், புகழின் உச்சத்தையும் வழக்குகளால் வந்த இழப்பையும் கண்ட பின், இறுதிக் காலத்தில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்து 1930 ஜனவரியில் மைசூரிலேயே காலமானார்.

பழைய தட்டுகளில் மிருதங்கம் ஏன் கேட்பதே இல்லை? பக்கவாத்தியம் இல்லாமலா பாடினார்கள்?
*ஒரு மிருதங்க ஆசிரியர், தஞ்சாவூர்*

மிருதங்கம் இருந்த தட்டுகளும் உண்டு, இல்லாதவையும் உண்டு. இருந்தவற்றிலும் அது தொலைவில் யாரோ தட்டுவது போலத்தான் கேட்கும். காரணம் பதிவு முறையில் இருக்கிறது.

1925 வரை பதிவுக்கு மைக்கும் இல்லை, மின்சாரப் பெருக்கியும் இல்லை. சுவரிலிருந்து நீண்ட ஒரு கூம்புக் குழலின் வாய்க்கு எதிரே பாடகர் உட்கார்ந்து, ஏறக்குறைய அதற்குள் முகத்தை வைத்துப் பாடுவார். குழலின் மறுமுனையில் ஒரு மெல்லிய சவ்வுத்தகடு. அதன் நடுவில் ஒரு ஊசி. ஊசியின் கீழே சுழலும் தடித்த மெழுகுத் தட்டு. குரலின் காற்றழுத்தம் தகட்டை அசைக்க, தகடு ஊசியை அசைக்க, ஊசி மெழுகில் நெளிந்த கோடு கீறும். பாடகரின் மூச்சைத் தவிர அந்தக் கோட்டை வரைவதற்கு வேறு எந்த ஆற்றலும் இல்லை. பதிவான மெழுகைத் திரும்ப ஓட்டிக் கேட்டால் கோடு அழிந்துவிடும்; ஆகவே பாடியவர் தம் பாட்டை அங்கேயே கேட்டுத் திருத்தம் சொல்லவும் வழியில்லை. மெழுகின் மீது மின்முலாம் பூசி உலோக அச்சு எடுத்து, அந்த அச்சைக் கொண்டு அவலரக்கும் (ஷெல்லாக்) கற்பொடியும் கரியும் கலந்த கலவையை அழுத்தினால் தட்டு தயாராகும். அந்த அவலரக்கின் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து போனதுதான்.

இந்தக் கருவிக்கு ஒலியின் நடுப்பகுதி மட்டுமே தெரியும். நொடிக்கு ஏறத்தாழ 200 அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதும், 2000-க்கு மேலே உள்ளதும் பெரும்பாலும் மெழுகில் ஏறாது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கனத்த கும்காரம் அந்தக் கீழ் எல்லைக்கு அப்பால் நின்றுவிடுகிறது. வலப்பக்கமான வலந்தலையில் எழும் சாப்பு என்ற அடியின் கூர்மையும், தம்புராவின் ரீங்காரமான ஜீவாளமும் மேல் எல்லைக்கு அப்பால் போய்விடுகின்றன. போதாக்குறைக்கு, மிருதங்கத்தின் பலத்த அடி ஊசியைத் துள்ளச் செய்து கோட்டையே கெடுத்துவிடக்கூடும் என்பதால், வாசிப்பவரைத் தள்ளி உட்காரவைத்தார்கள். வயலினும் ஹார்மோனியமும் நடுப்பகுதியில் ஒலிப்பவை. அவை அருகில் இடம் பெற்றன. ஆகவே பழைய தட்டில் வயலின் ஓங்கியும் மிருதங்கம் ஒடுங்கியும் கேட்பதை வைத்து, அக்காலத்து மேடையில் மிருதங்கத்துக்கு மதிப்பில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பாடகருக்கும் இது எளிதான வேலை அன்று. மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை நீட்டிக் கார்வை நிற்கும்போது முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். மந்தரத்துக்கு இறங்கும்போது குழலை நெருங்க வேண்டும். மறந்தால் பக்கத்தில் நிற்பவர் தோளைத் தொட்டு இழுப்பார். இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால், சில தட்டுகளில் திடீரென்று குரல் தணிவதும் உயர்வதும் பாடகரின் குறையாகத் தோன்றாது.

மூன்று நிமிடத்துக்குள் ஒரு கீர்த்தனத்தை எப்படிப் பாடி முடித்தார்கள்? இன்றைய கச்சேரியில் சிறு உருப்படிகள் பெருகியதற்கு இசைத்தட்டுதான் காரணம் என்று ஒரு பேச்சாளர் கூறினார். சரியா?
*ஒரு ரசிகர், சென்னை*

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம், பன்னிரண்டு அங்குலத் தட்டில் நான்கு அல்லது நான்கரை நிமிடம். முதலில் வந்த தட்டுகளுக்கு ஒரு பக்கம்தான். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். இரு பக்கமும் பாட்டுள்ள தட்டை 1904 அளவில் ஜெர்மனியின் ஓடியன் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னர் அந்த வழிக்கு வந்தார்கள்.

இந்தக் கால அளவுக்குள் அடக்க முதலில் பலியானவை ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையும், ஒரே வரியைப் பல விதமாக விரிக்கும் நிரவலும். ராகத்தைக் காட்ட ஓரிரு பிடிகள், உடனே பல்லவி, ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில் பாதி, அனுபல்லவி ஒருமுறை, சரணத்தில் கடைசிப் பகுதி, மறுபடி பல்லவி என்று ஓடிவிடுவார்கள். காலப்பிரமாணமும் சற்று விறுவிறுப்பாகிவிடும். மூன்றாவது சரணத்தில் உள்ள முத்திரையைப் பாட இடமில்லாமல், பாட்டை இயற்றிய வாக்கேயக்காரரின் பெயரே விழுந்துபோன தட்டுகள் உண்டு. ஜாவளியும் விருத்தமும் இந்த அளவுக்குப் பாந்தமாகப் பொருந்தின. விளம்ப காலத்துப் பதங்கள் மிகவும் திணறின. தட்டுகளில் எந்த வகை உருப்படி எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டு அக்காலத்தில் எது அதிகம் பாடப்பட்டது என்று கணக்கிடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் ராகத்தைத் தட்டில் பாடவே முடியவில்லை என்றும் சொல்ல முடியாது. நாகஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு முழுவதும் தோடி வாசிக்கக்கூடியவர் என்று பெயர் பெற்றவர், சில நிமிடங்களில் ராகத்தின் உருவத்தை முழுமையாக நிறுத்திக் காட்டியிருக்கிறார். அந்தச் சுருக்கத்தில் அவசரம் தெரிவதில்லை. நேரம் குறைவு என்பதால் எல்லாரும் ஒரே விதமாகத் தோற்றுவிடவில்லை. எதை விடுவது என்று தெரிந்தவர்கள் வென்றார்கள்.

கச்சேரி முறையின் மாற்றத்துக்குத் தட்டே காரணம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. இசைத்தட்டு வீடுகளில் பரவியிருந்த 1930களிலும் நான்கு மணி நேரக் கச்சேரிகள் சாதாரணமாக நடந்தன. சபாக்களின் பெருக்கம், டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் நகரத்து ரசிகர், பின்னர் வந்த மைக், வானொலியின் நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கெல்லாம் இதில் பங்கு உண்டு. தட்டு உண்மையில் மாற்றியது வேறொன்றை. அதுவரை ஒரு பாட்டு ஒவ்வொரு முறை பாடப்படும்போதும் வேறுபட்டது. தட்டு வந்த பின், நூறு முறை கேட்டாலும் அதே சங்கதி அதே இடத்தில் விழும் ஒரு பாட்டு உலகில் முதல்முறையாக இருந்தது. முசிறி சுப்பிரமணிய ஐயரின் "நகுமோமு" தட்டைக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள், அவரே மேடையில் வேறு விதமாகப் பாடினால் ஏமாற்றம் அடையும் நிலை வந்தது. பாடும்போதே எழும் கற்பனையான மனோதர்மத்தைப் போற்றும் ஒரு சங்கீதத்தில் இது சிறிய மாற்றம் அன்று.

கிராமபோன் தட்டில் இருக்கும் நாய், இறந்துபோன எஜமானரின் சவப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது என்கிறார்களே?
*ஒரு பள்ளி மாணவி, ஈரோடு*

கட்டுக்கதை. பிரான்சிஸ் பராட் என்ற ஆங்கில ஓவியர், தம் காலஞ்சென்ற அண்ணன் வளர்த்த நிப்பர் என்ற நாயை வரைந்தார். படத்தில் முதலில் இருந்தது உருளையில் ஓடும் எடிசன் வகைப் போனோகிராப். 1899-இல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது அதை அழித்துத் தன் கருவியை வரைந்து தரச் சொன்னது. நாய் உட்கார்ந்திருப்பது மெருகேற்றிய மரப்பரப்பின் மேல் என்பதற்கு அப்பால் படத்தில் வேறு செய்தி இல்லை. நம் ஊர்த் தட்டுகளில் அதற்கு முன்பு இருந்த சின்னம், தட்டில் இறகால் எழுதும் ஒரு தேவதை.

பழைய பாடகர்கள் ஐந்தரைக் கட்டை, ஆறு கட்டையில் பாடினார்கள் என்பார்கள். இணையத்தில் கிடைக்கும் பதிவுகளைத் தம்புரா வைத்துப் பார்த்தால் அதற்கும் மேலே போகிறது. நம்பலாமா?
*ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை, கோயம்புத்தூர்*

நம்புவதற்கு முன் தட்டு எந்த வேகத்தில் ஓடியது என்று கேளுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு. தொடக்கக் காலத்தில் பதிவுக் கருவியைச் சுழற்றியது எடை தொங்கும் பொறி. வல்லுநருக்கு வல்லுநர், ஊருக்கு ஊர் வேகம் மாறியது. 70-க்குச் சற்று மேல் தொடங்கி 80-க்கு மேல் வரை பதிந்த தட்டுகள் உண்டு. வேகம் சுமார் 6 விழுக்காடு கூடினால் சுருதி, ஹார்மோனியக் கட்டைகளால் நாம் அளக்கும் கணக்கில், அரைக் கட்டை ஏறிவிடும். 74 சுற்றில் பதிந்த தட்டை இன்று 78-இல் ஓட்டிக் கணினியில் ஏற்றினால், ஐந்து கட்டையில் பாடியவர் ஏறக்குறைய ஐந்தரையில் பாடுவதாகத் தெரிவார். 70-இல் பதிந்ததாக இருந்தால் ஏறக்குறைய ஒரு கட்டையே கூடிவிடும்.

சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. பக்கத்தில் ஹார்மோனியம் ஒலித்தால், அதன் கட்டைகள் நிலையானவை என்பதால், பாடகரின் ஷட்ஜம் ஏதேனும் ஒரு கட்டையில் சரியாக உட்காரும் வரை வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். பாடகர் பெயர் சொல்லும் தட்டாக இருந்தால், அந்தப் பேச்சு இயல்பான மனிதக் குரலாக ஒலிக்கிறதா என்று கேட்கலாம். பேச்சு கீச்சென்று இருந்தால் பாட்டும் ஏறியிருக்கிறது என்று பொருள். ஸ்வரங்கள் வேகமாக உதிரும் பிருகாக்களைக் கேட்டு இப்படிப் பாட இனி யாரும் பிறக்கப்போவதில்லை என்று வியக்கும் நண்பர்களுக்கு இதைச் சொன்னால் வருத்தம்தான் மிஞ்சுகிறது.

இவ்வளவு கழித்த பிறகும், அக்காலத்தவர் நம்மைவிட உயர்ந்த சுருதியில் பாடினார்கள் என்பது உண்மையாகவே நிற்கிறது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே! செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டுகள் இதற்குச் சான்று. 1906-இல் பிறந்து 1933-இல், தம் இருபத்தேழாம் வயதில், மறைந்த அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் 1931-இலேயே வந்துவிட்டது என்றாலும், அவருடைய குரலைக் கேட்க நமக்கு இசைத்தட்டைத் தவிர வேறு வழி கிடையாது. அவருடைய மனைவியும் நாடகத் துணையுமான கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுக்குப் பிற்காலத்தில் படங்களும் மேடைகளும் வாய்த்தன. ஆகவே அவரைப் பல வயதுகளில் கேட்கிறோம்; கிட்டப்பாவை ஒரே வயதில்.

கோயம்புத்தூர் தாயியின் பாட்டைக் கேட்டு ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் நூல் எழுதினாராமே?
*ஒரு வாசகர், புதுச்சேரி*

நூல் அன்று, இசை. மோரிஸ் டெலாஜ் என்பவர் ராவெல் என்ற பெரும் இசையமைப்பாளரின் மாணவர். 1912-ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்த அவர், இங்கே கேட்ட இசையோடு நிறைவடையாமல் இசைத்தட்டுகளையும் வாங்கிச் சென்றார். தாயியின் தட்டு ஒன்றை அடிப்படையாக வைத்து அவர் பியானோவோடு பாட எழுதிய பாட்டுக்கு "ராகமாலிகா" என்றே பெயரிட்டார். தம்புராவின் ஓயாத ஷட்ஜத்தைப் பியானோவில் எப்படிக் காட்டுவது என்று யோசித்தவர், ஒரு குறிப்பிட்ட தந்தியின் கீழே அட்டைத் துண்டைச் செருகி வாசிக்கும்படி குறிப்பு எழுதினார். தந்திகளுக்கிடையே பொருள்களைச் செருகிப் பியானோவின் ஒலியை மாற்றும் முறை மேற்கே புகழ்பெற்றது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

அவருடைய இன்னொரு படைப்பான நான்கு இந்தியப் பாடல்கள் 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறின. அவற்றில் லாகூர் என்ற பகுதியில், இம்தாத் கான் சுர்பஹார் என்ற பெரிய சிதார் வகை வாத்தியத்தில் வாசித்த தட்டு ஒன்றின் மீட்டலையும் இழைவையும் செல்லோ வாத்தியத்துக்கு மாற்றியிருக்கிறார். குறிப்பெழுதி ராகத்தைக் கொண்டுபோக முயன்ற ஐரோப்பியர் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஆராயும் வாய்ப்பைத் தட்டு மட்டுமே தந்தது. தாயியின் பெயர் சென்னையில் மறக்கப்பட்ட பிறகும் பாரிஸ் இசை வரலாற்றில் ஓர் ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது.

மகா வைத்தியநாத ஐயரின் பாட்டு எங்கேனும் பதிவாகியிருக்கிறதா? காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் தட்டு ஒன்று கூடக் கிடைக்கவில்லையே?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சிராப்பள்ளி*

மகா வைத்தியநாத ஐயர் 1893-இல் காலமானார். பதிவுக் கருவி கல்கத்தாவுக்கு வந்தது 1902-இல். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் அந்த 1902-இலும், நாகஸ்வரம் திருமருகல் நடேச பிள்ளை 1903-இலும், புல்லாங்குழல் சரப சாஸ்திரி 1904-இலும் மறைந்தார்கள். ஒரு தலைமுறையே ஓரிரு ஆண்டு இடைவெளியில் நழுவிப்போயிற்று.

நாயனாப் பிள்ளையின் நிலை வேறு. அவர் 1934 வரை வாழ்ந்தார். தட்டுக் கம்பெனிகள் சென்னையில் போட்டி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் அவர் பாடிக்கொடுக்கவில்லை. முழுப் பக்கவாத்தியக் குழுவோடு லயத்தில் விளையாடும் அவருடைய கச்சேரியை மூன்று நிமிடத்துக்கு வெட்டினால் என்ன மிஞ்சும் என்று அவர் கருதியிருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. அவரை வளர்த்த சிற்றன்னை தனகோடி அம்மாளின் குரல் தட்டில் இருக்கிறது. குடும்பத்தின் பாடாந்தரத்தை அவர் மூலம் ஓரளவு ஊகிக்கலாம். நாயனாப் பிள்ளையின் லயக் கணக்கை ஊகிக்க வழியில்லை.

வீணை தனம்மாளை நாம் கேட்க முடிவது மயிரிழையில் தப்பிய பேறு. சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தம் வீட்டில், அருகில் அமர்ந்த சிலருக்கு மட்டுமே கேட்கும் அளவுக்கு மென்மையாக வாசித்தவர் அவர். கூம்புக் குழல் அந்த வீணையைப் பிடித்திருக்கவே முடியாது. 1925-க்குப் பின் மின்சாரப் பதிவு வந்து, இந்தியாவுக்கும் எட்டிய பிறகு, 1932-இல் கொலம்பியா கம்பெனி அவர் இசையைப் பதிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. அடுத்த ஆறு ஆண்டுகளில் மறைந்தார். அந்தச் சில தட்டுகளில் வீணையின் ஒலி முழுமையாக இல்லை என்பார்கள் அவரை நேரில் கேட்டவர்கள். அவருடைய பேத்திகளான பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோரின் பாட்டைக் கேட்ட பின் தட்டைத் திரும்பக் கேட்டால் அதில் இல்லாததையும் ஓரளவு நிரப்பிக்கொள்ளலாம்.

தாத்தாவின் பெட்டியில் பழைய தட்டுகள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. எப்படிச் சுத்தம் செய்வது? கணினியில் ஏற்றி எல்லாரும் கேட்கும்படி வெளியிட்டால் சட்டச் சிக்கல் வருமா?
*ஒரு வாசகர், காரைக்குடி*

முதலில், ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம். அவலரக்கு சாராயத்தில் கரையும். அழுக்கோடு பாட்டும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்புக் கரைசல் கலந்து, நடுவில் உள்ள காகிதச் சீட்டு நனையாமல், மெல்லிய துணியால் கோடுகளின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடித்தட்டு விரிசல் விடும் அல்லது வளையும்; நிமிர்த்தி வையுங்கள். தாத்தாவின் கிராமபோன் ஓடும் நிலையில் இருந்தாலும், அரிய தட்டுகளை அதில் போடாதீர்கள். அதன் இரும்பு ஊசி ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றப்பட வேண்டியது. மாற்றினாலும் கோட்டைத் தேய்க்கும். 78 சுற்றுத் தட்டுக்கென்று தனி முள் பொருத்திய இன்றைய சுழலியில், ஒருமுறை ஓட்டிப் பதிந்துகொள்வது நல்லது. நீண்டநேரத் தட்டுக்குரிய முள் இதற்கு மிகச் சிறியது; கோட்டின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

பதியும்போது சீட்டில் உள்ளதை மட்டும் குறித்துக்கொள்ளாமல், சீட்டைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் கீறப்பட்டிருக்கும் எண்ணையும் எழுத்தையும் எழுதி வையுங்கள். சீட்டின் எண் விற்பனைக்கு உரியது. கீறிய எண்தான் பதிவின் வரிசையைக் காட்டும். பதிந்த வல்லுநர் யார் என்பதைக் கூடப் பல தட்டுகளில் அந்த எழுத்தைக் கொண்டு அறியலாம். காலம் கணிக்க ஆய்வாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான். உங்கள் ஊரோடு தொடர்புடைய ஒன்றையும் கவனியுங்கள். பின்னாளில் ஏவி.எம். படநிறுவனத்தைத் தொடங்கிய காரைக்குடி மெய்யப்பச் செட்டியார், 1930களில் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். உங்கள் பெட்டியில் அவை இருக்க வாய்ப்பு அதிகம்; நாடகங்களைப் பல தட்டுகளாக வெளியிட்ட தொகுதிகள் முழுமையாக இருந்தால் பிரிக்காமல் வையுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1930களில் வந்த தட்டுகளுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பாட்டின் உரிமை தனி. அது இயற்றியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் இருக்கும். தியாகராஜர் கீர்த்தனத்துக்குத் தடையில்லை. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாட்டு என்றால் 2033 முடியும் வரை உரிமை உள்ளவர்களிடம் கேட்க வேண்டும். தனியாக இவ்வளவையும் செய்யத் தயங்கினால், சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள். தமிழ் இசைத்தட்டுகளும் அங்கே சேகரிக்கப்பட்டுள்ளன. எழுதும்போது தட்டுகளின் பட்டியலையும் சீட்டுகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினால், எவை அவர்களிடம் இல்லாதவை என்று பார்ப்பது எளிதாகும்.